போனவில்லா, இன்டர்செப்டரா, கமாண்டோவா? நிற்கிற வண்டியைப் பார்த்து முடிவெடுங்கள்

பழைய பிரிட்டிஷ் பாணி மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்து, "டிரையம்ப் போனவில் டி120 எடுக்கலாமா, இல்லை ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டரே போதுமா?" என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் படித்து முடித்தவர்கள். எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், எந்த வேகத்தில் அதிர்வு தொடங்குகிறது, எல்லாம் மனப்பாடம். அப்படியும் முடிவு வரவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. சோதனை ஓட்டம் எழுதுபவர் இரண்டு நாள் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பிரிட்டனில் இந்த ரக வண்டி வைத்திருக்கும் ஆள் வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார். மீதி வாரம் முழுக்க அது கராஜில் நிற்கிறது.

அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வண்டி நிற்கிற நேரத்தில் அதோடு என்ன செய்வீர்கள்? துடைப்பீர்களா, கழற்றி மாட்டுவீர்களா, ஒரு கோப்பை டீயோடு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்களா? அல்லது துணியைப் போர்த்திவிட்டு அடுத்த வாரம் வரை மறந்துவிடுவீர்களா? இந்த நாலு பேருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

## எதை வைத்து எடை போடுவது

வேகத்தை விட்டுவிடுங்கள். வேகம் வேண்டுமென்றால் இதே பணத்தில் இவற்றைவிட வேகமான வண்டிகள் உண்டு. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் முதலில் வருவது என்ஜினின் தோற்றமும் துடிப்பும். சிலிண்டரில் உண்மையான குளிர்விப்புத் தகடுகள் இருக்கின்றனவா, சைலன்சர் எப்படிப் பேசுகிறது, நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது கண்ணாடி நடுங்குகிறதா. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வண்டியை விற்றுவிட்டு வருத்தப்படுபவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து, உங்கள் கையில் ஸ்பேனர் இருக்குமா என்பது. ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வீர்களா, டேப்பட் (வால்வுகளின் இடைவெளி) சரிசெய்வது வரை போவீர்களா?

மூன்றாவது உப்பு. பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலை உறையாமலிருக்க உப்புக் கொட்டுகிறார்கள். குரோமும் ஸ்போக்கும் நிறைந்த வண்டிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

நாலாவது எடையும் லைசன்ஸும். அங்கே ஏ2 லைசன்ஸ் வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 47 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டியை ஓட்ட முடியாது. இளைஞர்களுக்குப் பாதி முடிவு இதிலேயே முடிந்துவிடும்.

கடைசியாக, உதிரி பாகம் கிடைப்பதும், விற்கிற அன்று கைக்கு வருவதும்.

| வண்டி | என்ஜின் | சக்தி (பிஎஸ் = குதிரைத்திறன்) | டார்க் (முறுக்குவிசை) | எடை | கியர் |
|---|---|---|---|---|---|
| டிரையம்ப் போனவில் டி120 | 1200 சிசி, இரட்டை, நீர்க்குளிர் | 80 பிஎஸ் | 105 நியூட்டன் மீட்டர் | 236 கிலோ | 6 |
| பழைய போனவில் 865 | 865 சிசி, இரட்டை, காற்றுக்குளிர் | சுமார் 68 பிஎஸ் | சுமார் 68 | சுமார் 230 கிலோ | 5 |
| ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 | 648 சிசி, இரட்டை, காற்று-ஆயில் குளிர் | 47 பிஎஸ் | 52 | சுமார் 217 கிலோ | 6 |
| பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் | 652 சிசி, ஒற்றை, நீர்க்குளிர் | சுமார் 45 பிஎஸ் | 55 | சுமார் 213 கிலோ | 5 |
| நார்ட்டன் கமாண்டோ 961 | 961 சிசி, இரட்டை, காற்று-ஆயில் குளிர் | சுமார் 77 பிஎஸ் | சுமார் 81 | பெட்ரோல் இல்லாமலே சுமார் 230 கிலோ | 5 |

## இதில் எது பிரிட்டிஷ் வண்டி?

இதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் வீணாகச் சண்டை போடுகிறார்கள். டிரையம்பின் பழைய மெரிடன் தொழிற்சாலை 1983-இல் மூடப்பட்டது. அதே வருடம் ஜான் ப்ளூர் என்ற தொழிலதிபர் பெயரை வாங்கி, இங்கிலாந்தின் ஹிங்க்லி ஊரில் புதிதாகத் தொடங்கினார். இன்று வடிவமைப்பு ஹிங்க்லியில், பெரும்பாலான போனவில்கள் முடிந்து வெளியே வருவது தாய்லாந்தில். ராயல் என்ஃபீல்டு 1901-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்தது. இன்டர்செப்டர் உற்பத்தியாவது சென்னை அருகே, ஆனால் அதன் பொறியியல் வேலையில் பெரும் பங்கு இங்கிலாந்தின் புரன்டிங்தோர்ப் மையத்தில் நடந்தது. சட்டகத்தை வடிவமைத்துக் கொடுத்ததும் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பழைய ஆங்கிலப் பட்டறைதான். பிஎஸ்ஏ பெயர் இப்போது மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸிடம் இருக்கிறது.

பழைய போனவிலின் தொடக்க கால வண்டிகளை விட்டால், இங்கிலாந்திலேயே கோர்த்து முடிக்கப்பட்டது நார்ட்டன் மட்டும்தான். அதன் முதலாளி 2020-லிருந்து டிவிஎஸ். போதாததற்கு, 961 என்ஜினின் ஆதி வரைபடத்தைப் போட்டவர் அமெரிக்காவின் ஓரிகனில் இருந்த கென்னி டிரேயர். ஆக, பூர்வீகத்தை வைத்து முடிவெடுக்கப் போனால் ஒரு வண்டியும் தேறாது.

## டிரையம்ப் போனவில் டி120: எல்லாம் தெரிந்த பிள்ளை

2016-இல் வந்த நீர்க்குளிர் 1200. ரேடியேட்டரை முன் சட்டகக் குழாய்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எரிபொருள் செலுத்தும் பகுதிக்குப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்த ஏமல் கார்புரேட்டர் போல முகமூடி போட்டிருக்கிறார்கள். தெரியாதவர் பார்த்தால் 1960-களின் வண்டி என்றே நினைப்பார். தெரிந்தவர் குனிந்து பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உங்களைக் குத்துமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் குத்துகிறது, நிஜமாக.

ஓட்டும்போது குறை சொல்ல அதிகமில்லை. 3,500 சுற்றிலேயே முழு டார்க்கும் வந்துவிடுவதால் கியரைத் தேட வேண்டியதில்லை. நாலாவது கியரில் போட்டுவிட்டு கிராமத்துச் சாலை முழுக்கப் போகலாம். முன்னால் இரண்டு டிஸ்க், சூடேறும் கைப்பிடி, சென்டர் ஸ்டாண்டு எல்லாம் வண்டியோடு வருகின்றன. 2021 மாடலில் க்ரூஸ் கண்ட்ரோலும் வந்துவிட்டது, எடையில் ஏழு கிலோவும் குறைந்தது. சர்வீஸ் இடைவெளி 10,000 மைல் அல்லது ஒரு வருடம்.

அந்த "அல்லது ஒரு வருடம்" என்பதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். வருடத்துக்கு 2,000 மைல் ஓட்டுபவருக்கு 10,000 மைல் இடைவெளியால் ஒரு லாபமும் இல்லை. வருடா வருடம் சர்வீஸ் பணம் போகத்தான் போகிறது. வீட்டிலேயே ஆயில் மாற்றினாலும், சர்வீஸ் விளக்கை அணைக்க மென்பொருள் வேண்டும். உத்தரவாதக் காலத்தில் டீலர் முத்திரை இல்லையென்றால் விற்கும்போது விலை இறங்கும்.

இன்னொரு மறைவுச் செலவு, டிரையம்பின் உதிரி அலங்காரப் பட்டியல். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. டி120 வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே பின் ஷாக், சீட், சைலன்சர், சின்ன இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குகிறார்கள். விற்கும்போது அந்தப் பணத்தில் பாதி கூடத் திரும்பாது. கழற்றி வைத்த அசல் பாகங்களைப் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வாங்க வருபவர் அதைத்தான் கேட்பார்.

வண்டியை மூடிவிட்டு மறந்துவிடும் ஆளுக்கும், இருவராக நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போகிறவருக்கும் இதுதான் சரி. வீட்டு வாசல் சரிவாக இருந்தால் மட்டும், 236 கிலோவைப் பின்னோக்கித் தள்ளி மேலே ஏற்றிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அதன் தம்பி டி100 இருக்கிறது: 900 சிசி, 65 பிஎஸ், முன்னால் ஒரே டிஸ்க், எட்டு கிலோ குறைவு. வயதானவர்கள் பலர் டி120-ஐ விற்றுவிட்டு அதற்குப் போகிறார்கள். தோற்றுப்போன முகம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

## பழைய போனவில் 865: என் சார்பு இங்கேதான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் இருப்பது இது. ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

2001-இல் ஹிங்க்லி போனவில் 790 சிசியில் வந்தது. பிறகு 865 ஆனது, 2008 வாக்கில் பிரிட்டனில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, 2016-இல் நீர்க்குளிர் வண்டிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காற்றில்தான் குளிர்கிறது, கூடவே ஒரு சின்ன ஆயில் கூலர். தகடுகள் நிஜத் தகடுகள்.

இதற்கும் புதிய டி120-க்கும் உள்ள பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழைய போனவிலில் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) 360 டிகிரி: இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும்; ஒன்று மாற்றி ஒன்று, சமமான இடைவெளியில் வெடிக்கும். காதில் விழுவது ஒரே சீரான "டுர்ர்ர்". 1959-இல் வந்த முதல் டி120-யும் இப்படித்தான். புதிய போனவில், இன்டர்செப்டர், கமாண்டோ 961 மூன்றிலும் கிராங்க் 270 டிகிரி. ஒரு வெடி, சின்ன இடைவெளி, அடுத்த வெடி, பெரிய இடைவெளி. "தட-தட்... தட-தட்" என்று தாவிப் போகும் ஓசை. பெரும்பாலானவர்களுக்கு 270-தான் பிடிக்கிறது, உயிருள்ள சத்தம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டரின் குரல் வேண்டுமென்று கேட்பவர், இந்தப் பட்டியலில் 865-ஐத் தவிர வேறெதிலும் அதைக் கேட்க முடியாது. வாங்கும் முன் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக் கேளுங்கள்.

செலவு எங்கே? சர்வீஸ் 6,000 மைலுக்கு ஒருமுறை. 12,000-இல் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். அது ஷிம் வகை, அதாவது மெல்லிய வட்டத் தகட்டை மாற்றித்தான் இடைவெளியைச் சரிசெய்ய முடியும். அளந்து பார்ப்பது வீட்டில் முடியும், ஷிம் மாற்றப் பொறுமையும் சரியான கருவியும் வேண்டும். வண்டி பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டதால் ரப்பர் பாகங்கள், ஃபோர்க் சீல், வயரிங் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். கார்புரேட்டர் மாடல் என்றால், பனிக்காலம் முழுக்க பெட்ரோலோடு நின்ற வண்டியா என்று கேளுங்கள், ஜெட் அடைத்துக்கொண்டிருக்கும். ஆனால் விலை இறங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இறங்கி முடிந்துவிட்டது. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்றவர்கள் உண்டு.

கழற்றி மாட்டுகிற ஆளுக்கும், டீயோடு உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கும் இது பொருந்தும். தினமும் வேலைக்குப் போக ஒரே ஒரு வண்டிதான் என்றால் வேண்டாம்.

## ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650: மலிவு என்பது பாதிக் கதை

2018-இல் இது விற்பனைக்கு வந்தபோது டிரையம்ப்காரர்கள் விலையைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. 47 குதிரை என்பது காகிதத்தில் குறைவு; வளைந்து போகும் கிராமத்துச் சாலையில், மணிக்கு 50-60 மைல் வேகத்தில், என்ஜினை நன்றாக உழைக்க வைத்து ஓட்டும் சுகம் டி120-இல் கிடைக்காது. அதில் பாதி ஆக்சிலேட்டரைத் திருப்புவதற்குள் சட்டம் குறுக்கே வந்துவிடும். அந்த 47 தற்செயலாக வந்த எண்ணும் அல்ல. ஏ2 வரம்புக்குள் சரியாக உட்கார்கிறது. பத்தொன்பது வயதுப் பையன் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் மாட்டாமல் அப்படியே ஓட்டலாம்.

எனக்கு இதில் பிடித்தது டேப்பட். திருகும் பூட்டு நட்டும் உள்ள பழைய முறை. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்து, மேல் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைக்கிறீர்கள். லேசாகப் பிடித்து, வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெண்ணெயில் கத்தி போனது போலப் போனால் தளர்வு, நுழையவே இல்லையென்றால் இறுக்கம். நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி இறுக்கும்போது அது கொஞ்சம் நகர்ந்துவிடும். திரும்ப அளக்க வேண்டும். இப்படி எட்டு வால்வு. ஒரு சனிக்கிழமை காலை போதும், ஷிம் வாங்க வேண்டியதில்லை, யாரிடமும் நேரம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. முதல் தடவை செய்து முடித்து மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்யும்போது வருகிற பெருமிதத்தை எந்த விலைப்பட்டியலிலும் போட முடியாது.

குறைகளும் உண்டு. சீட் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, பின் ஷாக் சுமாரானது. இரண்டையும் மாற்றுவதாக வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டாலும் டி120 விலைக்கு வெகு கீழேதான் நிற்கும். நெடுஞ்சாலையில் 70 மைலில் போகும், எதிர்க்காற்றில் இருவராகப் போகும்போது மட்டும் திணறல் தெரியும். சின்ன போல்ட்டுகளின் பூச்சு உப்புக்கு அவ்வளவாக ஈடுகொடுக்காது என்பது வைத்திருப்பவர்கள் பலர் சொல்வது. டிரையம்ப்காரர்களும் அதையே தங்கள் வண்டியைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

## பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார்: ஒற்றைச் சிலிண்டர் பிடித்தவருக்கு மட்டும்

1937-இல் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் வால் ஹேண்ட்லி பிஎஸ்ஏ வண்டியில் 100 மைல் வேகச் சுற்றுப் போட்டு வாங்கிய தங்க நட்சத்திரச் சின்னம்தான் இந்தப் பெயரின் மூலம். இன்றைய வண்டியின் 652 சிசி என்ஜின் ரோட்டாக்ஸ் என்ற ஆஸ்திரிய என்ஜின் நிறுவனத்தின் வழி வந்தது. அதே குடும்பத்து என்ஜின் முன்பு பிஎம்டபிள்யூ எஃப்650-இல் வேலை செய்து பேர் வாங்கியிருக்கிறது. தோற்றம் அழகு, பிரேக் நல்லது, ஏ2-க்குள் அடங்கும். டீலர்கள் குறைவு. 12 லிட்டர் டேங்க் சிறியது. இன்டர்செப்டரையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டரின் தடதடப்பில் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் எடுங்கள், வரவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

## நார்ட்டன் கமாண்டோ 961: காசு இருந்தும் யோசிக்க வேண்டியது

நிறுத்தி வைத்துப் பார்க்க இதைப் போல இன்னொன்று இல்லை. பழைய பாணிப் புஷ்ராடு என்ஜின், ஓலின்ஸ் சஸ்பென்ஷன், பிரெம்போ பிரேக், கையால் பொருத்தியது. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் யாராவது ஒரு பெரியவர் வந்து, தன் தகப்பனார் ஓட்டிய பழைய கமாண்டோ 750-இன் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஆனால் கம்பெனியின் கதையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். 2020 ஜனவரியில் நார்ட்டன் திவால் நிர்வாகத்துக்குப் போனது; ஏப்ரலில் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கி, சோலிஹல்லில் புதுத் தொழிற்சாலை வைத்தது. அதனால் சந்தையில் இரண்டு வகை 961 இருக்கின்றன: 2020-க்கு முன் டோனிங்டனில் செய்தவை, பிறகு சோலிஹல்லில் திருத்திச் செய்தவை. இரண்டும் ஒன்றல்ல. டோனிங்டன் வண்டி என்றால் ஒவ்வொரு ரசீதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்ன பழுது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பாகத்துக்காகக் காத்திருந்தது என்பது அதில் இருக்கும். ரசீதே இல்லாமல் பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

இரண்டாவது வண்டி ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கு, பாகத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தாலும் தூக்கம் கெடாதவருக்கு, இது சரி. ஓட்டுவதற்கென்று இருப்பது இது ஒன்றுதான் என்றால் வேண்டாம்.

## ஸ்போக்கும் உப்பும்

டி120, கோல்டு ஸ்டார், ஸ்போக் வைத்த இன்டர்செப்டர் எல்லாம் டியூப் டயர். இதை யாரும் விலையோடு சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில்லாத சாலையில் என் வண்டியின் பின்டயரில் ஆணி ஏறியது. டியூப்லெஸ் என்றால் பத்து நிமிடத்தில் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு போயிருக்கலாம். டியூப் என்பதால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். மீட்பு வண்டிக்காக மூன்று மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தேன். மீட்புச் சேவைச் சந்தாவை வருடாந்தரச் செலவில் சேர்த்துவிடுங்கள். இன்டர்செப்டரில் இப்போது அலாய் வீல் மாடலும் டியூப்லெஸ் டயரோடு வருகிறது. அழகு கொஞ்சம் போகும், நிம்மதி கிடைக்கும்.

உப்பைப் பற்றி: நவம்பரில் ஒரே ஒரு சவாரி போய்விட்டு, கழுவாமல் துணியைப் போர்த்தி வைத்தேன். மார்ச்சில் திறந்தபோது ஸ்போக் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பூஞ்சை போல வெள்ளைத் துரு பூத்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு இரண்டு முழு நாள் போனது. துருத் தடுப்பு ஸ்பிரே விலை அதிகமில்லை, அடிக்கிற சோம்பல்தான் அதிகம்.

## பார்க்கப் போகும்போது

செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், நீங்கள் வருவதற்குமுன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்; ஆறிய என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போனதும் சைலன்சர் பளபளப்பைப் பார்க்காமல், குனிந்து அதன் அடிப்பக்கத்தையும் மட்கார்டின் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனைச் சான்றுகளில் வருடா வருடம் மைல் எத்தனை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்தக் கணக்கு இருக்கும். கடைசியாக, என்ஜின் மேல் கையை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் சண்டை போட வேண்டாம். "பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், ஆறட்டும்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.